சாயங்காலம் மட்டும் கெட்டுப்போகும் லிஃப்ட்

போன வாரம் கண்ணாடிக்கடைக்காரி ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். விட்டதைத் திரும்ப அள்ள முடியாமல்தான் இந்த வாரம் முழுக்கத் தவித்துக்கொண்டிருக்கிறாள்.

வார்த்தை இதுதான்: "எடுத்துட்டுப் போங்க அண்ணி. எங்க வேணா எடுத்துட்டுப் போங்க."

கைக்குழந்தை காது கிழிய அழும்போது, பெற்றவள் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பேச்சு. அதையெல்லாம் யாராவது பெரிதாக எடுத்துக்கொள்வார்களா? அவளுடைய நாத்தனார் எடுத்துக்கொண்டார். மருந்துக்கடையில் நின்று நின்று, கேட்டதை உடனே எடுத்துக் கொடுத்தே பழகிய கை. "நீயே சொல்லிட்டே. ரெண்டு வாரம் எங்கிட்ட இருக்கட்டும். புட்டிப்பால்தானே குடிக்கிறா? வியாழக்கிழமை சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போறேன்" என்று நாளும் குறித்துவிட்டார்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

பாப்பா பகலில் தங்கம். பால் குடிப்பாள், கொட்டாவி விடுவாள், பார்க்க வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல வாயைக் கோணுவாள். வெளிச்சம் மங்க ஆரம்பித்தால்தான் வேறு ஆள். முகம் சிவக்கும். முட்டி இரண்டும் வயிற்றுக்கு ஏறும். குட்டி வயிறு மத்தளம் மாதிரி இறுகும். அப்புறம் தொடங்கும் பாருங்கள், தெருமுனையில் போகிறவன்கூட நின்று மேலே பார்ப்பான். கட்டடத்தில் அவளுக்கு 'சைரன்' என்று பெயர்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. "நல்லா குடிக்கிறா, எடை ஏறுது, காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. இதைக் கோலிக்னு சொல்லுவோம். நிறைய குழந்தைங்களுக்கு வரும். மூணு நாலு மாசத்துல தானா அடங்கிடும்."

"அதுவரைக்கும் டாக்டர்?"

"அதுவரைக்கும் பொறுமை."

பொறுமை எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் அவர் எழுதித் தரவில்லை.

சரி, அழுகிற குழந்தை எல்லாரிடமும் அழுதால் ஒரு நியாயம் இருக்கிறது. இது அப்படியும் இல்லை. அம்மாவிடம் அழும். அத்தையிடம் அழும். அப்பன் வந்து தூக்கிக்கொண்டு வெளியே போனால், திரும்பி வரும்போது தூங்கிக்கொண்டிருக்கும்!

அப்பன்காரன் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவனுடைய கம்பெனி பராமரிப்பில்தான் இருக்கிறது. ஒரு வாரமாக, வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவுகிறான், பாப்பாவை முன்கையில் குப்புறப் போட்டுக்கொள்கிறான், "மொட்டை மாடியில நடந்துட்டு வரேன்" என்று போகிறான். திரும்பி வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! போட்டியில் ஜெயித்துக் கோப்பை வாங்கிக்கொண்டு வருகிறவன் முகம்.

"எப்படிங்க?" என்று அவள் ஏங்கிப்போய்க் கேட்டதற்கு, அன்றைக்கு என்ன சொன்னான் தெரியுமா?

"தூக்குற விதத்துல இருக்கு. உன் கையில பயம் இருக்கு. குழந்தைக்கு அது தெரியுது."

அந்த ஒரு வாக்கியம் அவளைத் தூங்கவிடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில், எத்தனையோ பேருடைய தாடையை நிமிர்த்தி, இமையைத் தூக்கி, துளி நடுக்கம் இல்லாமல் மருந்து விட்ட கை அது. அந்தக் கையைத்தான் பெற்ற குழந்தைக்குப் பிடிக்கவில்லையாம்.

மத்தியானம் பாப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடியில் இருக்கிற கட்டடச் சங்க செக்ரட்டரி. "உள்ள வரலாமா?" என்று கேட்டபோதே பாதி உள்ளே வந்திருந்தார்.

"லிஃப்ட் விஷயமா பேசணும்மா. பகல் பூரா பட்டு மாதிரி ஓடுது. சாயங்காலமானா மாடிக்கு மாடி 'பழுது பார்க்கப்படுகிறது'ன்னு போர்டு தொங்குது. அதுக்கென்ன மாலைக்கண்ணா?"

"லிஃப்ட்டுக்கெல்லாம் மாலைக்கண் வராது சார். நான் கண்ணு பாக்குறவ, எனக்குத் தெரியும்."

"உங்க வீட்டுக்காரரைக் கேட்டா சென்சார் கோளாறுங்கறாரு. தினம் சாயங்காலம் அவரே உள்ள நின்னு மேலயும் கீழயும் சோதனை ஓட்டம் விடுறாராம். இன்னும் எத்தனை நாளைக்கு?"

"சாயங்காலமா? அவரா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இருக்காது சார். அந்த நேரத்துல அவரு பாப்பாவோட மொட்டை மாடியில இருப்பாரு."

"மொட்டை மாடியிலயா?"

"ஆமா. தினமும்."

செக்ரட்டரி சட்டைப் பையைத் தடவினார். ஒரு சாவியை எடுத்து அவளுக்கும் காட்டி, தானும் பார்த்துக்கொண்டார். "போன மாசம் தண்ணித் தொட்டி கழுவுனதுலேருந்து மொட்டை மாடியைப் பூட்டித்தானே வெச்சிருக்கேன்? சாவி எங்கிட்டல்ல இருக்கு!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பார்கள். அதற்குள் உள்ளே சைரன் ஒரு சின்ன ஒத்திகை பார்த்தது. "நான் கம்பெனியிலயே கேட்டுக்கறேன்" என்று செக்ரட்டரி நழுவிவிட்டார்.

மனதில் ஒரு கேள்வி புகுந்தால் அது சும்மா உட்காராது. மொட்டை மாடி இல்லையென்றால் எங்கே? யார் வீட்டில்? பாப்பாவைத் தூங்க வைப்பது அவன் கைதானா, வேறு யாருடைய கையாவதா? ஐந்தாம் மாடியில் டியூஷன் டீச்சர் இருக்கிறார். பக்கத்து மாடிப் பிள்ளைகள் எல்லாம் அவர் சொன்னால் கேட்கும். குரலும் இனிமை. தன் குழந்தை தினமும் அந்த மடியில்தான் அடங்குகிறதோ என்று நினைத்தபோது கண்ணாடிக்கடைக்காரிக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் வேறு எங்கேயாவது போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது போல.

வெளிச்சம் மங்கியது. பாப்பா ஆரம்பித்தாள்.

சரியாக அந்த நேரத்துக்கு நாத்தனார் வந்து சேர்ந்தார். தோளில் பெரிய வெற்றுப் பை, நெற்றியில் வேர்வை. "இன்னிக்கும் லிஃப்ட் இல்ல! ஊரெல்லாம் லிஃப்ட்டு சரி பண்ணுறான் என் தம்பி, அவன் அக்கா படியேறி வரணும்." மூச்சு வாங்கி முடிவதற்குள் வைத்தியம் தொடங்கிவிட்டது.

"தோள்ல போட்டுத் தட்டு. ஏப்பம் நிக்குது."

"இப்பத்தான் விட்டா அண்ணி."

"அதெல்லாம் ஏப்பமா? தட்டு, தட்டு... சரி, விடு. முட்டி மேல குப்புறப் போட்டு முதுகைத் தடவு. வயித்துல பாரம் பட்டா காத்துப் பிரியும்."

போட்டாள். தடவினாள்.

"மல்லாத்திட்டுக் காலை சைக்கிள் மாதிரி ஓட்டு."

ஓட்டினாள்.

"துணியில சுத்து, கதகதப்பா இருக்கும். ஃபேனைப் போடு, அந்தச் சத்தத்துக்கு அடங்கும். ஐயோ, குளிருது போல, நிறுத்து. விளக்கை அணை. இருட்டுல ஏன் உக்காந்திருக்கே? இந்தா, இதுல ரெண்டு சொட்டு."

நாத்தனார் கையில் கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன பாட்டில் இருந்தது.

"டாக்டர் எதையும் வாயில விட வேண்டாம்னுட்டாரு அண்ணி."

"டாக்டர் வந்து தூங்க வைப்பாரா? நாள் பூரா மருந்துக்கு நடுவுல நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"வேண்டாம் அண்ணி."

பாட்டில் பைக்குள் போனது. உதடும் கூடவே சுழித்துக்கொண்டது.

கண்ணாடிக்கடைக்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடையில் ஒரு கண்ணுக்கு ஒரு தடவையில் ஒரே ஒரு கண்ணாடியைத்தான் மாற்றுவாள். "இது தெளிவா இருக்கா, முன்ன இருந்ததா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறவரைக்கும் காத்திருப்பாள். எதிரே இருப்பவர் கண்ணைச் சிமிட்டி, யோசித்து, "முன்ன இருந்ததே தேவலை" என்று சொல்லும்வரை கை நகராது. இங்கே என்னடாவென்றால், பாப்பா ஒன்றைப் பார்த்து "இது" என்று சொல்வதற்குள் நான்கு கண்ணாடி மாறிவிடுகிறது.

"ஏதாவது ஒண்ணை மட்டும் கொஞ்ச நேரம் செஞ்சு பாப்போமே அண்ணி."

"செஞ்சு பாக்க இதென்ன ஆராய்ச்சியா? குழந்தை துடிக்குது!"

அப்போதுதான் மெக்கானிக் வந்தான். கையைக் கழுவினான். "குடு."

"நானும் வரேன்" என்றாள் அவள். "மொட்டை மாடிக்கு."

அவன் முகம் ஒரு கணம் மாறியது. "நீ எதுக்கு? உன் பதட்டம் அவளுக்கு ஒட்டிக்கும். உக்காரு, ரெஸ்ட் எடு."

"அதானே" என்றார் நாத்தனார். "அவன் கை ராசி அப்படி. அவன் வர்றதுக்குள்ள பாப்பா துணியெல்லாம் எடுத்து வெச்சிடுவோம், வா."

கதவு சாத்தப்பட்டது. அழுகை நடையில் தேய்ந்து, சட்டென்று காணாமல் போனது. நாத்தனார் அலமாரியைத் திறந்து, விரல் நீளச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் அடுக்கத் தொடங்கினார். கண்ணாடிக்கடைக்காரி அந்தப் பையைப் பார்த்தாள். மஞ்சள் சட்டை போயிற்று. காது மூடுகிற தொப்பி போயிற்று. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

முதலில் ஐந்தாம் மாடி. டீச்சர் வீட்டுக் கதவில் காதை வைக்கிற அளவுக்குப் போய்விட்டாள், பாவம். காது வைத்த பிறகுதான் தாழ்ப்பாளில் பூட்டு தொங்குவது கண்ணில் பட்டது. மேலே ஏறினாள். மொட்டை மாடிக் கதவிலும் பூட்டு. செக்ரட்டரி பொய் சொல்லவில்லை.

இறங்கினாள். நான்கு, மூன்று. அதற்கும் கீழே படி திரும்புகிற இடத்தில், சாமான் பையை அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது யார்? டியூஷன் டீச்சர்.

"டீச்சர்! நீங்க இங்கயா?"

"வேற எங்கம்மா இருப்பேன்? ஒரு வாரமா இந்தப் படிதான் எனக்கு சோபா." முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அப்படியே என் முட்டிக்கும் ஒரு சோதனை ஓட்டம் விடச் சொல்லி."

ஐந்து நிமிஷத்துக்கு முன்பு இந்த அம்மாளை மனதுக்குள் என்னவெல்லாம் சொன்னோம் என்று நினைத்து, அவசரமாகக் குனிந்தாள். சாமான் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் கேட்டது.

சுவருக்குப் பின்னால் ஒரு ரீங்காரம். உம்ம்ம் என்று ஏறி, டக்கென்று நின்று, மறுபடி உம்ம்ம் என்று இறங்கியது.

மூன்றாம் மாடி லிஃப்ட் கதவுக்கு ஓடினாள். போர்டு தொங்கியது. ஆனால் கதவுக்கு மேலே எண் விளக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு. கதவின் ஒடுங்கிய கண்ணாடியில் வெளிச்சம் கீழிருந்து மேலே வழிந்து போனது. அந்த வெளிச்சத்தோடு ஒரு குரலும் போனது.

"மேஏஏல போறோம், மேல போறோம்... மூணு வந்தாச்சு... என் தங்கக்கட்டி, மேஏஏல..."

அழுகை இல்லை. பாப்பாவின் சிணுங்கல்கூட வெளியே கேட்கவில்லை.

பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மெக்கானிக் சாவியைத் திருப்பிவிட்டால், வெளியே யார் எத்தனை தடவை அழுத்தினாலும் லிஃப்ட் காதில் போட்டுக்கொள்ளாது. கட்டின பெண்டாட்டி அழுத்தினாலும் அதே கதிதான்.

அழகு! வீட்டுக்கு வருமுன்பே மாடிக்கு மாடி போர்டை மாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறான். ஊருக்கெல்லாம் படி. அப்பனுக்கும் மகளுக்கும் ஊஞ்சல்.

மேலே போனது கீழே வந்துதானே ஆகவேண்டும்? தரைத்தளத்துக்கு இறங்கிப் போய்க் கதவுக்கு நேராக நின்றாள். அங்கே செக்ரட்டரி ஃபோனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். தன் சாமான் பைக்குப் பின்னாலேயே டீச்சர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். "குழந்தையை வாங்காம எங்க ஓடுறே?" என்று பையும் கையுமாக நாத்தனாரும் வந்து சேர்ந்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளையை வரவேற்க நிற்பது போல எல்லாரும் வரிசையாக நின்றார்கள்.

கதவு திறந்தது.

உள்ளே மெக்கானிக். இடது முன்கையில் குப்புறப் படுத்து, கை கால் நான்கும் தொங்க, வாயோரம் எச்சில் வழியத் தூங்குகிற பாப்பா. வலது கையில் சாவி.

"சோதனை..." என்று ஆரம்பித்தான். "ஓட்டம்..." என்று அவனே மெதுவாக முடித்தான்.

லிஃப்ட் நின்றது பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. முட்டியை இழுத்தாள். முகம் சிவந்தது. கோப்பை வாங்கிய கையிலேயே, எல்லார் எதிரிலும், சைரன் முழுச் சத்தத்தில் ஊதியது. அவன் ஆட்டினான், தட்டினான். கை ராசி காப்பாற்றவில்லை.

கண்ணாடிக்கடைக்காரி உள்ளே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கத்துவாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் குரல் ஏறவே இல்லை.

"சாவியைத் திருப்புங்க. எல்லாருக்கும் ஓடுற மாதிரி."

திருப்பினான்.

"டீச்சர், ஏறுங்க. அண்ணி, நீங்களும். சார், வாங்க." பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீங்க படியில வாங்க."

அவன் இறங்கினான். கதவு மூடியது.

பெட்டிக்குள் அழுகை சுவரில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. "காலை மடக்கும்மா" என்றார் டீச்சர். "துணியைத் தளர்த்து" என்றார் நாத்தனார். "தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி..." என்று செக்ரட்டரியும் வாயைத் திறந்தார். அவருக்கு என்ன தெரியுமோ!

"யாரும் எதுவும் சொல்லாதீங்க" என்றாள் அவள். "இந்த ஒரு தடவை மட்டும்."

முன்கையில் குப்புறப் போட்டுக்கொண்டாள். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். முதல் மாடி தாண்டியது, அழுகை. இரண்டாம் மாடி, அழுகைக்கு நடுவில் ஒரு விக்கல். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. இறங்க வேண்டிய செக்ரட்டரி இறங்கவில்லை. கதவு மூடி மறுபடி ஏறியபோது தொங்கிய கால் இரண்டும் தளர்ந்தன. இறுகியிருந்த வயிறு அவள் கைமேல் மெத்தென்று படிந்தது.

அமைதி.

பயந்த கைதான். அதே கை. நாத்தனார் லிஃப்ட் கூரையில் எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீடு இருக்கிற நாலாவது மாடியில் கதவு திறந்தது. ஒருவரும் நகரவில்லை.

"என்னை அஞ்சுல விட்டுட்டே வந்துடுங்களேன்" என்று டீச்சர் கிசுகிசுத்தார்.

ஆனால் லிஃப்ட்டிலேயே குடித்தனம் நடத்த முடியுமா? வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரத்தில் பாப்பா மறுபடி தொடங்கினாள். பழக்கத்தில் நாத்தனார் கையை நீட்டினார். கண்ணாடிக்கடைக்காரி கொடுக்கவில்லை. அறை நடுவில் நின்று, முதுகை வளைக்காமல், முட்டியை மெல்ல மடக்கினாள். மெல்ல, மெல்லக் கீழே. அங்கே ஒரு நிறுத்தம். பிறகு மெல்ல மேலே. அங்கே ஒரு நிறுத்தம். வாய்க்குள் உம்ம்ம் என்று ரீங்காரம்.

"இது என்னது புதுசா?" என்றார் நாத்தனார்.

"இது ஒண்ணைத்தான் இன்னிக்குச் செய்யப் போறேன் அண்ணி. அழுதாலும் இதுதான். பாப்பா பதில் சொல்லட்டும், அப்புறம் மாத்தலாம். பையைக் காலி பண்ணிடுங்க. பாப்பா எங்கயும் வரலை."

நாத்தனார் பையைத் தரையில் வைத்து, மஞ்சள் சட்டையை வெளியே எடுத்தார். "மடிச்சு வெக்கட்டுமா, அப்படியே வெக்கட்டுமா?" என்று கேட்டார்.

"மடிச்சே வெச்சிடுங்க."

மெக்கானிக் படியேறி வந்து வாசலில் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மொத நாளு தற்செயலாத்தான்" என்றான். "கீழ போகலாம்னு லிஃப்ட்டுல ஏறினேன், அடங்கிட்டா. வீட்டுக்கு வந்தா நீ என்னைப் பார்த்தே பாரு ஒரு பார்வை... அக்கா வேற கை ராசின்னா. அப்புறம் சொல்ல வாய் வரலை."

"என் கையில பயம் இருக்குன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"தினம் படுத்துக்கிட்டு இந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இதுல என்ன குறைன்னு. பெத்த குழந்தையைக் குடுத்துடறதுதான் நல்லதோன்னுகூட நினைச்சிட்டேன்." முட்டி மடங்கியது. நிமிர்ந்தது. தொடை எரிந்தது. "டீச்சர் படியில உக்காந்திருந்தாங்க. உங்க அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தாங்க. நீங்க உள்ள நின்னு பாட்டுப் பாடிக்கிட்டிருந்தீங்க."

அவனுடைய ஃபோன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. சூப்பர்வைசர். அவர் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"என்னப்பா, உன் பில்டிங்குல சென்சார் கோளாறாமே? ஆபீஸுக்கு எதுவுமே சொல்லலியே? செக்ரட்டரி ஃபோன் பண்ணாரு. நாளைக்கு சாயங்காலம் நானே வரேன். சாயங்காலம்தானே கெட்டுப்போகுது? அப்புறம், உன் மிஸ்ஸஸ் வேற என்னவோ மொட்டை மாடின்னு சொன்னாங்களாமே. அவங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும். வீட்டுல இருக்கச் சொல்லு."

ஃபோனை வைத்தான். நாத்தனார் கையில் இருந்த குட்டித் தொப்பி அந்தரத்தில் நின்றது. வேலை போகுமா, தங்குமா? நாளைக்கு அந்த ஆள் எதிரில் இவள் என்ன சொல்வாள்? இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நாளைக்கு அவரு வந்தா..." மெக்கானிக் ஒரு அடி உள்ளே வந்தான். "நீ கொஞ்சம்..."

பாப்பாவின் கண் பாதி மூடியிருந்தது. அழுகை சிணுங்கலாகத் தேய்ந்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரி முட்டியை மடக்கி மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தாள்.

"பேசாதீங்க" என்றாள். "இப்பத்தான் ரெண்டாவது மாடி வந்திருக்கு."